எழுதிய நாள்

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. வேடிக்கை என்னவென்றால், மூன்றாவது மாடியில் குடியிருக்கிற மனிதருக்குத் தொழிலே லிஃப்ட் பழுது பார்ப்பதுதான். ஊரில் உள்ளவர்களையெல்லாம் பத்தாவது மாடிக்கும் பதினைந்தாவது மாடிக்கும் ஏற்றி இறக்கிவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் படியேறி வருவார். நான் இரண்டாவது மாடி. திரைச்சீலையும் சோபா உறையும் தைக்கிறேன். அவர் என் வாசலைத் தாண்டும்போதெல்லாம், "என்ன லிஃப்ட்காரரே, இன்னைக்கும் நடையா?" என்று கேட்பேன். "நம்ம லிஃப்டுக்கு லீவு அக்கா" என்பார். பல வருஷமாக இதே கேள்வி, இதே பதில். இரண்டு பேருக்குமே அலுக்கவில்லை.

அவருடைய அப்பாவுக்குத்தான் அந்தப் படிகள் எமனாக இருந்தன. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளட்ச் மிதித்து மிதித்து இடது முழங்கால் தேய்ந்து போயிருந்தது. 'கிளட்ச் கால்' என்று அவரே அதற்குப் பேர் வைத்திருந்தார். கடைக்குப் போய் வரும்போது என் வாசலில் நான் போட்டு வைத்திருக்கும் முக்காலியில் உட்கார்ந்து, அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து நீட்டி வைப்பார். வீட்டில் சமையல் அவர்தான். உருளைக்கிழங்கு என்ன விலை, முட்டையில் எத்தனை உடைந்து வந்தது என்பதையெல்லாம் எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவார். முழங்காலை மாற்றி வைத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லி ரொம்ப நாளாகிவிட்டது. "மருமக பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்.

மருமகளை நான் கணக்கம்மா என்று கூப்பிடுவேன். ஆடிட் ஆபீஸில் வேலை. கம்பெனி கம்பெனியாகப் போய், அவர்கள் எழுதி வைத்திருப்பது நிஜம்தானா என்று பார்க்கிற வேலை. அதில் பல வருஷம் உழைத்தும் அவள் கையெழுத்துக்கு மதிப்பில்லை. லைசன்ஸ் பரீட்சையை முடித்தால்தான் கையெழுத்துப் போட முடியும். அந்தப் பரீட்சை நாலு தாள். ஒவ்வொன்றாக எழுதலாம், எந்த வரிசையிலும் எழுதலாம். இதுவரைக்கும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஒரு தாளில் தேறிய உடனே கெடு ஓட ஆரம்பித்துவிடும் என்பதுதான் வில்லங்கம். ஒன்றரை வருஷத்துக்குள் மற்ற மூன்றையும் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் முதலில் தேறிய தாள் செல்லாது. மறுபடி எழுத வேண்டியதுதான்.

அதனால் எதை முதலில் எழுதுவது என்பதே பெரிய யோசனை. "கஷ்டமானத மொதல்ல வச்சுக்கணும் அக்கா" என்றாள். "கெடு இன்னும் ஓடாதப்ப எத்தன தடவ ஃபெயில் ஆனாலும் நஷ்டமில்ல. கெடு ஓட ஆரம்பிச்சப்புறம் கஷ்டமானது கையில இருந்தா செத்தோம்." நிதி அறிக்கைத் தாள்தான் அவளுக்கு எமகண்டம். இரண்டு தடவை விழுந்தாள். மூன்றாவது தடவை காய்ச்சலோடு போய் எழுதிவிட்டு வந்து என் வீட்டுச் சோபாவில் அப்படியே சாய்ந்தாள். அந்தத் தடவை தேறிவிட்டாள். முடிவு வந்த அன்றைக்கு அவள் சந்தோஷப்பட்டதாக எனக்கு நினைவில்லை. "இத இன்னொரு வாட்டி எழுதச் சொன்னா நான் ஓடிப் போயிடுவேன்" என்று மட்டும் சொன்னாள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

திட்டம் போட்டது என் வெட்டு மேஜையில்தான். சோபா உறைக்கு அளவு வெட்டுகிற பழுப்புத் தாளை உருளையிலிருந்து நீளமாக இழுத்து விரித்தேன். துணியில் கோடு போடுகிற கலர் சாக்கட்டிகள் கொடுத்தேன். கணக்கம்மா முழங்கால் போட்டு மேஜைமேல் ஏறிக் கட்டம் கட்டமாக வாரங்களைப் போட்டாள். ஆபீஸில் ஆண்டு முடிவு வேலை குவிகிற மாதங்களுக்குச் சிவப்பு. படிப்புக்கு நீலம். வரித் தாளை வேலை குறைந்த மழைக்காலத்தில் வைத்தாள். சட்டத் தாளை அதற்கப்புறம். கடைசியாகத் தணிக்கைத் தாள். "அது நான் தெனமும் செய்யற வேலைதானே, தூக்கத்துல கேட்டாக்கூடச் சொல்லுவேன்" என்றாள். லிஃப்ட்காரர் தன் இரவு அழைப்புகளையெல்லாம் அவளுடைய நீலக் கட்டங்கள் இல்லாத வாரங்களுக்கு மாற்றிக்கொண்டார். மாமனார் எல்லாம் முடிந்தபிறகு தாளின் ஓரத்தில் வெள்ளைச் சாக்கட்டியால் ஒரு காலை வரைந்தார்.

"இது என்ன மாமா?"

"கடைசி ஸ்டாப்பு" என்றார்.

அந்தத் தாள்தான் எங்கள் சார்ட். அவர்கள் சமையலறைச் சுவரில் தொங்கியது. வரி முடிந்தது, சட்டம் முடிந்தது. இரண்டிலும் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். எனக்குக்கூடத் தைரியம் வந்துவிட்டது.

தணிக்கைத் தாளுக்குப் படிக்க அவள் என் வீட்டுக்கு வருவாள். மேலே மாமனாரின் டிவி சத்தம் ஊரைக் கூட்டும். என் தையல் மிஷின் சத்தம் அவளுக்குத் தொந்தரவாக இல்லை என்பாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பருவம் தப்பி விடாமல் மழை. ஓட்டல் ஒன்றுக்கு முப்பது ஜன்னல் திரைச்சீலை, கனத்த துணி, ஈரக் காற்றில் அது இன்னும் கனத்து மிஷினுக்குள் போக மறுத்தது. நான் துணியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் மனதில் நிற்கும் என்று அவள் கேள்விகளை என்னிடம் கேட்பது வழக்கம்.

"அக்கா, ஒரு கடை. வருஷக் கடைசி மாசம் கரண்ட் எரிச்சிருக்கு. பில்லு அடுத்த வருஷந்தான் வருது. செலவ எந்த வருஷத்துல எழுதணும்?"

"பில்லு வந்தாத்தானே எவ்வளவுன்னே தெரியும்? வந்த வருஷத்துலதான்."

"தப்பு!" என்று சிரித்தாள். "எரிச்ச வருஷத்துலதான். பில்லு எப்ப வந்தா என்ன? எரிச்சது எரிச்சதுதான். காயிதம் கைக்கு வந்த நாள் கணக்கில்ல அக்கா, காரியம் நடந்த நாள்தான்..."

வாக்கியம் முடியவில்லை. சிரிப்பு முகத்தில் பாதியில் நின்றது. நான் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"நம்ம சார்ட்டு எங்கேர்ந்து ஆரம்பிக்குது அக்கா?"

"நீதானே போட்ட. மொதத் தாள் பாஸ்னு வந்த அன்னையிலேர்ந்து."

"அன்னைக்குப் பாஸ்னு காயிதம்தானே வந்துச்சு" என்றாள். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "நான் எழுதினது அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கெடு எழுதிய நாளிலிருந்து ஓடியிருந்தால், நாங்கள் நினைத்ததைவிட இரண்டு மாதம் முன்பாகவே முடிந்துவிடும். அவள் கடைசித் தாளுக்குப் பதிவு செய்து வைத்திருந்த நாள் அதற்கு வெகு அப்பால் இருந்தது.

அன்று ஞாயிறு, யாரையும் கேட்க முடியவில்லை. மறுநாள் காலை ஆபீஸுக்குப் போகிற வழியில் என் வீட்டுக்குள் வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பரீட்சை வாரியத்துக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் போட்டாள், தனியாகக் கேட்கப் பயந்தாள் என்று நினைக்கிறேன்.

"எழுதின தேதியிலேர்ந்துதான் மேடம்" என்றாள் அந்தப் பக்கம் ஒரு பெண். "ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தானே."

"கடைசித் தாளுக்கு? அதுக்கு ரிசல்ட் கெடுவுக்குள்ள வரணுமா?"

"வேணாம் மேடம். கெடுவுக்குள்ள எழுதிட்டாப் போதும். ரிசல்ட் எப்ப வந்தாலும் எழுதின தேதிதான்."

அவள் நன்றி சொல்லிப் போனை வைத்தாள். கெடுவுக்கு மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. சுவரில் தொங்கிய சார்ட்டில் அது முழுக்கச் சிவப்புக் கட்டம். படிப்பு பாதிகூட ஆகவில்லை.

"நான் செய்யற வேலையே இதுதான் அக்கா" என்றாள். "எந்தத் தேதிய எந்த வருஷத்துல போட்டிருக்காங்கன்னு அடுத்தவங்க புஸ்தகத்துல போய்த் தோண்டித் தோண்டிப் பாக்கறது. என் சுவத்துல நான் பாக்கல."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். அவள் குடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் சொல்லப் போகிறேன், நீங்களும் வாங்க என்றாள். போனேன். மாமனார் பருப்பும் ரொட்டியும் செய்து வைத்திருந்தார். லிஃப்ட்காரர் கையில் கிரீஸ் போகாமல் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

லிஃப்ட்காரர் துணியைக் கீழே வைத்தார். "ஊரான் கணக்கையெல்லாம் பாக்கத் தெரியுது. உன் கணக்க நீ பாக்க மாட்டியா?"

மாமனார் கரண்டியால் பருப்பைக் கிளறிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே வெந்திருந்தது.

"ஒண்ணர வருஷம்!" என்றார் லிஃப்ட்காரர். "அப்பா இந்தக் கால வச்சிக்கிட்டுத் தெனம் மூணு மாடி. எதுக்கு? இதுக்கா?"

"டேய்" என்றார் கிழவர்.

"இல்லப்பா, நீங்க..."

"என் காலு என் காலு. அத வச்சு நீ யார் மேலயும் பாரம் ஏத்தாத." பிறகு மருமகளைப் பார்த்தார். "இப்ப என்னம்மா வழி? அத மட்டும் சொல்லு. பஸ்ஸு தப்பான ரோட்டுல வந்துடுச்சு, சரி. திருப்பறதுக்கு எடமிருக்கா இல்லையா?"

"எடம்தான் இல்ல மாமா. பக்கத்துல இருக்கற சென்டர்ல அந்தத் தேதிக்குள்ள சீட்டே இல்ல. யாராவது கேன்சல் பண்ணாத்தான் கெடைக்கும். கேன்சலான சீட்டு வெப்சைட்டுல எப்ப வரும்னு தெரியாது, வந்தா உடனே போயிடும்."

"அப்ப பாத்துக்கிட்டே இருக்கணும்."

"நான் ஆபீஸ்ல எப்படி மாமா..."

"உன்ன யாரு பாக்கச் சொன்னது? நீ படி. நாங்க பாக்கறோம்."

அப்படித்தான் அது ஆரம்பித்தது. லிஃப்ட்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை, அவளிடம் பேசவும் இல்லை. ஆனால் மறுநாள் காலையில் தன் போனில் அந்தப் பக்கத்தை எப்படித் திறப்பது என்று அவளிடம் மூன்று தடவை கேட்டுக் கற்றுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவள் எங்கள் மூன்று பேருக்கும் உள்ளே நுழைகிற வழியைச் சொல்லித் தந்தாள். லிஃப்ட்காரர் எந்தக் கட்டடத்தின் உச்சியில் இருந்தாலும் போனைத் திருப்பிப் பார்ப்பார். கிழவர் அடுப்புக்கும் போனுக்கும் நடுவில் நின்று நாலு தடவை ரொட்டியைக் கருக்கினார். நான் ஒரு திரைச்சீலை முடிந்ததும் ஒரு தடவை பார்ப்பேன். 'இடமில்லை' என்று சாம்பல் நிறத்தில் வரும்.

பயம் என்பது ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் சில நாள் அவள் அழுதாள். அப்புறம் அழுவதை நிறுத்திவிட்டாள், அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. ஆபீஸில் ஆண்டு முடிவு வேலை தலைக்கு மேல். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவாள். வந்து என் மேஜையில் உட்கார்ந்து படிப்பாள். கையில் பேனா அசையாது. எந்தக் கேள்வியும் கேட்பதில்லை. ஒரு நாள் நானே கேட்டேன்.

"என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டேங்கறியே?"

"கேட்டா தப்பாச் சொல்லிடுவேனோன்னு பயமா இருக்கு அக்கா. வாய்க்குள்ளயே இருந்தா சரியா இருக்கற மாதிரி இருக்கு."

அவள் தட்டில் ஒரு வேகவைத்த முட்டையை வைத்தேன். அதை அவள் பார்க்கவேயில்லை.

சீட்டு வந்தது ஒரு வியாழக்கிழமை. பகல் சாப்பாட்டு நேரம். கிழவர் கடையிலிருந்து திரும்பி என் முக்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். நான் நூல் மாற்றுகிற சாக்கில் போனைத் திருப்பினேன். சாம்பல் நிறம் இல்லை. பச்சை.

"வந்துடுச்சு!" என்று கத்திவிட்டேன்.

கெடு முடிய ஒரு நாள் முன்பு. பக்கத்து ஊர்கூட இல்லை, பஸ்ஸில் மூன்று மணி நேரம் போக வேண்டிய ஊர். ஒரே ஒரு இடம். பத்து நிமிஷம் உங்களுக்காகப் பிடித்து வைக்கப்படும் என்று எழுதியிருந்தது. கூடவே இன்னொன்று: இதை உறுதி செய்தால் பழைய தேதி ரத்தாகும், திரும்பக் கிடைக்காது.

உடனே அவளுக்குப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மறுபடி போட்டேன். அதேதான். அப்போதுதான் நினைவு வந்தது: அன்றைக்கு அவள் ஒரு டயர் கம்பெனியின் குடோனில் சரக்கு எண்ணப் போயிருந்தாள். தகரக் கூரைக்குக் கீழே நின்று ஒவ்வொரு டயராக எண்ண வேண்டும், உள்ளே போன் எடுக்காது என்று காலையிலேயே சொல்லிவிட்டுப் போனாள்.

லிஃப்ட்காரருக்குப் போட்டேன். எடுத்தார். பின்னால் யாரோ கதவைத் தட்டுகிற சத்தமும் ஒரு பெண் கத்துகிற சத்தமும் கேட்டது.

"அக்கா, லிஃப்டுக்குள்ள ஆளு மாட்டியிருக்கு. அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

கிழவர் முக்காலியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் அன்றாடம் கத்திரி பிடிக்கிறவள். கனத்த துணியில் கத்திரி வைப்பதற்கு முன்னால் மூன்று தடவை அளப்பேன், வைத்த பிறகு ஒட்டுப் போட முடியாது. இது என் துணியும் இல்லை. அவள் படிப்பு முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். எழுதிப் பார்க்கிற மாதிரித் தேர்வில் அவள் மார்க் இன்னும் தேறுகிற அளவைத் தொடவில்லை என்பதும் தெரியும்.

"அவள கேக்காம எப்படிங்க?"

"கேட்டா என்ன சொல்லுவா?"

"போடுன்னுதான் சொல்லுவா. ஆனா அவ வாயால சொல்லணுமே."

"பழைய தேதிய வச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றார் கிழவர். "கெடு தாண்டின தேதி. பஸ்ஸு போனப்புறம் டிக்கெட்ட வச்சிருந்து என்ன லாபம்?"

"பயமா இருக்குங்க."

"எனக்கும்தான்" என்றார். அவர் கை முழங்காலை அழுத்திப் பிடித்திருந்தது. "அமுத்தும்மா."

அமுக்கினேன். என் பெருவிரலில் ஊசி குத்திய தழும்பு உண்டு, அந்த விரலால்தான் அமுக்கினேன். உறுதியானது என்று வந்தது. அவர் வாங்கி வந்த பையிலிருந்து ஒரு வெங்காயம் உருண்டு படியில் இறங்கிப் போனது, யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் அவளிடம் சொன்னபோது அவள் என்னைத் திட்டவில்லை. உள்ளங்கையெல்லாம் டயர் கறுப்பு. அப்படியே சுவரில் சாய்ந்து, "சரி அக்கா" என்றாள். "இனிமே பயப்படறதுக்கு ஒரு தேதி இருக்கு."

அந்த வாரம் முழுக்க அவள் வேலைக்கும் போனாள், படிக்கவும் படித்தாள். கேள்விகளை மறுபடி சத்தமாகக் கேட்க ஆரம்பித்தாள். நான் தப்பாகச் சொல்வேன், அவள் சரி செய்வாள். நான் வேண்டுமென்றேகூடச் சில தடவை தப்பாகச் சொன்னேன். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் லீவு கொடுத்தார்கள். அன்றைக்கு லிஃப்ட்காரர் ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல், அவளுடைய ஷூவைத் துடைத்து வைத்தார். கோபமாகப் பேசினதற்கு அவர் மன்னிப்புக் கேட்கிற விதம் அது என்று எனக்குப் புரிந்தது, அவளுக்கும் புரிந்திருக்கும்.

பரீட்சை அன்று காலை நான் ரொட்டி எடுத்துக்கொண்டு மேலே போனேன். பஸ்ஸுக்குப் போதுமான நேரம் இருந்தது. லிஃப்ட்காரர் அவளோடு போவதாக ஏற்பாடு. கிழவர் சமையலறையில் நின்றிருந்தார், அடுப்பு எரியவில்லை. லிஃப்ட்காரர் குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்.

"எவ்வளவு நேரமா?" என்று மெல்லக் கேட்டேன்.

"குளிச்சு முடிச்சு ரொம்ப நேரமாச்சு அக்கா. தாப்பா போட்டிருக்கா. வர மாட்டேங்கறா."

உள்ளேயிருந்து மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. வேகமாக, மேலே மேலே ஏறிப் போகிற மூச்சு.

"கணக்கம்மா" என்றேன். "கதவத் தொறம்மா."

"வேணாம். நான் போகல. ஒண்ணும் நெனவுல இல்ல. ஒண்ணுமே இல்ல. அக்கா, எனக்கு நெஞ்சு அடைக்குது."

நான் தாழ்ப்பாளை உடைக்கத்தான் நினைத்தேன். லிஃப்ட்காரர் என்னை ஒரு கையால் தள்ளி நிறுத்தினார். கதவில் நெற்றியை வைத்தார். அவர் பேசியது அவருடைய வீட்டுக் குரலே இல்லை. ஏறாமல் இறங்காமல் ஒரே மட்டத்தில், நிதானமாக வந்தது.

"மேடம், நான் வெளியதான் இருக்கேன். எங்கயும் போகல. கதவத் தொடாதீங்க. தொறக்கவும் வேணாம்."

உள்ளே சத்தம் சற்று நின்றது.

"நீங்க மட்டும்தானா உள்ள?"

"ம்" என்று வந்தது.

"சரி. உள்ள காத்து வேணுங்கற அளவு இருக்கு. இது கீழ விழாது. விழற மாதிரி இருக்கும், ஆனா விழாது. அதுக்கு எத்தனையோ பிடி வச்சிருக்கு. உங்களுக்கு அது தெரிய வேணாம், எனக்குத் தெரியும். தரையில உக்காந்துக்குங்க. உக்காந்துட்டீங்களா?"

"உக்காந்துட்டேன்."

"செவுத்துல முதுக வச்சுக்குங்க. மூச்ச மெதுவா வெளிய விடுங்க. இழுக்கறதப் பத்திக் கவலையில்ல, அது தானா வரும். வெளிய விடறதுதான் உங்க வேலை."

கிழவர் சமையலறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டிய பெண்டாட்டியை அந்த மனிதர் மேடம் என்று கூப்பிட்டதைக் கேட்டு ஒருத்தரும் சிரிக்கவில்லை.

"உள்ள மாட்டினவங்க எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். "பெரிய பெரிய ஆளுங்ககூட அழுவாங்க. ஆனா ஒண்ணு. உள்ள இருக்கறப்ப யாருக்கும் காலு நடுங்காது. வெளிய வந்தப்பறம்தான் நடுங்கும். அதனால இப்ப நீங்க நிக்கலாம். நின்னா விழ மாட்டீங்க. நிக்கறீங்களா?"

சற்று நேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகியது. முகம் வெளிறி, தலைமுடி ஈரமாக நின்றாள். அவர் கையை நீட்டவில்லை, வழியை மட்டும் விட்டார். "பஸ்ஸுக்கு நேரமிருக்கு" என்றார், பழைய குரலில். அவள் ஷூவைப் போட்டுக்கொண்டாள். ரொட்டியை நான் பையில் திணித்தேன். கிழவர் அவர்களோடு வேகமாகப் படியிறங்க முடியாது என்று ஜன்னலுக்குப் போனார்.

எழுதிவிட்டு வந்தாள். எப்படி எழுதினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, புத்தகம் இல்லாமல், வெறும் கையோடு உட்கார்ந்தாள்.

"முடிஞ்சு போச்சு அக்கா. பாஸா ஃபெயிலான்னு அன்னைக்கே முடிஞ்சிடுச்சு. பில்லுதான் இன்னும் வரல."

"பாஸா இருக்கும்."

"இருக்கலாம். இல்லன்னா மொதத் தாளு அன்னைக்கே போயிடுச்சு. இப்ப நான் பயந்தாலும் ஒண்ணுதான், பயப்படாட்டியும் ஒண்ணுதான். தெரியுது. ஆனாலும் பயமாவே இருக்கு."

ரிசல்ட் வரட்டும், அப்புறம் ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் மகனும் மருமகளும் சொன்னார்கள். கிழவர் கேட்கவில்லை. "சார்ட்டுல என்ன போட்டிருக்கு? பரீட்சை, அதுக்கப்பறம் காலு. ரிசல்ட்னு ஒரு ஸ்டாப்பே அதுல இல்ல" என்றார். ஃபெயில் என்று வந்துவிட்டால் அவளுக்கு மறுபடி முதலிலிருந்து, அப்போது தன் காலை இன்னொரு வருஷம் தள்ளிப்போட வேண்டிவரும், அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்ற பயம்தான் அவருக்கு என்று நான் நினைக்கிறேன். அவர் அப்படிச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்று மழை விட்டிருந்தது, படியெல்லாம் செருப்புச் சேறு. நான் காலையிலேயே துடைத்து வைத்தேன். கிழவர் ஒரு கையில் கைப்பிடிச் சுவரையும் மறு கையில் ஊன்றுகோலையும் பிடித்து ஏறினார். நல்ல காலை முதலில், புதுக் காலை அப்புறம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்ததை வாய்க்குள் சொல்லிக்கொண்டார். லிஃப்ட்காரர் பின்னால், விழுந்தால் தாங்க. கணக்கம்மா முன்னால், துணிப் பையோடு. நான் என் வாசலில் முக்காலியோடு காத்திருந்தேன்.

என் மாடிக்கு நாலைந்து படி இருக்கும்போது அவள் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"வந்திருக்கு" என்றாள்.

கிழவரின் புதுக் கால் ஒரு படியிலும் பழைய கால் மேல் படியிலும் இருந்தது.

"பாரும்மா" என்றார்.

"வீட்டுக்குப் போயிப் பாக்கலாம் மாமா. மொதல்ல நீங்க ஏறுங்க."

"நான் இப்ப மேலயும் போக முடியாது, கீழயும் போக முடியாது. நீ பாத்துச் சொன்னாத்தான் எனக்குக் காலு வரும்."

அவள் விரல் திரையின் மேல் நின்றது, இறங்கவில்லை. கீழே இருந்து லிஃப்ட்காரர் சொன்னார். சத்தம் போடவில்லை, அதே மட்டமான குரல்.

"நான் வெளியதான் இருக்கேன் மேடம்."

அவள் அமுக்கினாள். வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள், தேதியைக்கூட வாசித்தாள் என்று பிறகு சொன்னாள்.

"பாஸ்" என்றாள். "மாமா, பாஸ். நாலும் செல்லும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். உட்காரவில்லை, கால் மடிந்து சரிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு முழங்காலும் தனித்தனியாக ஆடின. கையால் அழுத்திப் பிடித்தாள், நிற்கவில்லை. துணிப் பை கையிலிருந்து நழுவிப் படியில் சாய்ந்து கிடந்தது. நான் ஓடிப்போய் அவளைத் தூக்கப் பார்த்தேன்.

"முடியல அக்கா" என்றாள், அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "எந்திரிக்க முடியல. மாமா, வழிய மறிச்சிட்டு உக்காந்திருக்கேன். உங்களால நிக்க முடியாது. ஏங்க, அவரப் பிடிங்க."

கிழவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தார். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, கிளட்ச் காலில் எடையை இறக்கிப் பார்த்தார். அது தாங்கியது.

"மெதுவா எந்திரிம்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. நான் நிக்கறேன்."